போர்டிகோ தளம் ஒரு பக்கம் இறங்கி, நடுவில் வெடிப்பு: மேலே ஒரு அங்குலம் கலவை போட்டால் போதுமா?

2023 மே 14, காலை (கேள்வி)

அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் வீடு. கட்டி ஆறு வருடம் ஆகிறது. போர்டிகோ 16 அடிக்கு 12 அடி, கான்கிரீட் தளம். நடுவில் குறுக்கே ஒரு வெடிப்பு. முதலில் மயிரிழை மாதிரி இருந்தது, இப்போது அஞ்சு ரூபாய் நாணயம் உள்ளே நிற்கிறது. வீட்டுச் சுவரை ஒட்டிய இடது மூலை ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கி, மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறது. கொத்தனார் மேலே ஒரு அங்குலம் கலவை போட்டு மட்டம் பண்ணிவிடலாம், ஒரு நாள் வேலை என்கிறார். செய்யலாமா?

2023 மே 14, இரவு (பதில்)

வேண்டாம் தம்பி. அந்த ஒரு அங்குலம் ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிது. எங்கள் வீட்டில் அதையே செய்து காசைத் தொலைத்தேன். நாளை விவரமாக எழுதுகிறேன். அதற்குள் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் மண் கரிசலா, செவலா? மொட்டை மாடியிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் எந்த மூலையில் விழுகிறது?

2023 மே 16

என் கதை. கோவில்பட்டியில் நாங்கள் வீடு கட்டிய மனை முன்பு பருத்திக்காடு. 2016-இல் குடிவந்தோம். மூன்றாவது வருடமே முன்வாசல் தளம் கீறியது. இதே யோசனைதான் எனக்கும் சொன்னார்கள். பழைய தளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிமெண்ட் பால் ஊற்றி, மேலே ஒரு அங்குலக் கலவை. முடித்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

ஐப்பசி மழையில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சித்திரையில் பழைய வெடிப்பு அதே கோட்டில் மேலே வந்துவிட்டது. கீழே இருக்கிற தளம் இரண்டு துண்டாக அசையும்போது, அதில் ஒட்டியிருக்கிற மேல்பூச்சு எப்படி ஒரே துண்டாக நிற்கும்? ஓரங்களில் இன்னும் மோசம். இறங்கிய பக்கம் ஒரு அங்குலம், இறங்காத பக்கம் கால் அங்குலம் என்று கலவை சன்னமாகிக்கொண்டே போனது. சன்னமான இடம் முழுதும் அப்பளம் மாதிரி உடைந்து வந்தது. கார் டயர் ஏறி இறங்கும் இடத்தில் மூன்றே மாதம்தான்.

உங்கள் கொத்தனார் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவரிடம் மட்டம் கேட்டீர்கள், மட்டம் செய்து தருகிறேன் என்கிறார். ஏன் இறங்கியது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

2023 மே 16, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. ஒரு சின்னச் சுத்தியலால் தளம் முழுக்க அடிக்கு ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். கீழே மண் இருக்கிற இடத்தில் அடைத்த சத்தம் வரும். வெற்றிடம் இருந்தால் காலிப் பானையைத் தட்டின மாதிரி கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

2023 மே 21

கரிசல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. கரிசல் தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், மேலே இருக்கும் தளத்தையும் சேர்த்து அசைக்கும். சாத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம் என்று நம் பக்கம் பாதி ஊரில் இதே வீட்டுத் தொல்லைதான்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குப்பி எடுங்கள். மண்ணை நன்றாகக் காயவைத்து, பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்து, இரண்டிலும் ஒரே அளவு போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். கலக்கிவிட்டு ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது, தண்ணீரில் ஊதும். மண் பரிசோதனைக் கூடத்தில் 10 கிராம் மண்ணை வைத்து இதையே முறையாகச் செய்கிறார்கள். தண்ணீரில் இருக்கும் மண் மற்றதைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக நிற்கிறது என்று பார்ப்பார்கள். 50 சதவீதத்துக்குள் என்றால் கவலை குறைவு, 100-ஐத் தாண்டினால் கடுமையான ஊதல். என் வீட்டு மண் மண்ணெண்ணெய்க் குப்பியில் ஒரு விரற்கடை நின்றது, தண்ணீர்க் குப்பியில் அதற்கு இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கீழே. அந்தக் குப்பியைப் பார்த்த பிறகுதான் வெடிப்பின் மேலிருந்த கோபம் போய், மண்ணைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

அப்புறம், வெடிப்பு இன்னும் அசைகிறதா என்று பாருங்கள். இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு சன்னமான கண்ணாடித் துண்டை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டுங்கள். தளம் அசைந்தால் கண்ணாடி முறியும். கார் ஏறாத இடமாகப் பார்த்து ஒட்டுங்கள்.

2023 ஜூன் 3

கண்ணாடி பன்னிரண்டு நாளில் முறிந்தது என்றால் வெடிப்பு இன்னும் வேலை செய்கிறது. இது கோடை. மண் காய்ந்து சுருங்குகிறது, வெடிப்பு அகலமாகும். ஐப்பசி, கார்த்திகையில் மண் ஊதும்போது தானாகவே நெருங்கும். சில வீடுகளில் மார்கழியில் வெடிப்பே தெரியாது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள், பங்குனியில் திரும்ப வரும்.

நீங்கள் சொன்ன மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். மாடிக் குழாய் அந்த இறங்கிய மூலையிலேயே விழுகிறது. மழைநீர்ச் சேகரிப்புக் குழி சுவரிலிருந்து இரண்டடியில் இருக்கிறது. காம்பவுண்டு ஓரம் வேப்பமரம். மூன்றுமே தண்ணீர் விவகாரம். குழாயும் குழியும் ஒரு பக்கம் மண்ணை நனைக்கின்றன, வேம்பு இன்னொரு பக்கம் உறிஞ்சுகிறது. ஒரே தளத்துக்குக் கீழே ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் வறட்சி. கரிசலில் இது போதும்.

மரத்தை வெட்டாதீர்கள். வெட்டினால் அது உறிஞ்சிவந்த ஈரம் மண்ணிலேயே தங்கி, அந்தப் பக்கம் மேலே தூக்க ஆரம்பிக்கும். குழாயை முதலில் மாற்றுங்கள். பிவிசி குழாய் வைத்து முன்பக்க வடிகாலுக்கு இழுத்துவிட்டால் போதும். குழியை அடைக்கச் சொல்ல மாட்டேன். 2003-இலிருந்து எல்லா வீட்டுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம், அது நல்ல சட்டமும்கூட. ஆனால் கரிசலில் அஸ்திவாரத்தை ஒட்டிக் குழி வைப்பது கூடாது. நான் என் வீட்டில் சுவரிலிருந்து பத்தடி தள்ளி மனை மூலைக்கு மாற்றிவிட்டேன்.

இதைச் செய்யாமல் தளத்தைத் தொடாதீர்கள்.

2023 ஜூன் 18

மதுரைக்காரர் ஒருவர் தன் வீட்டு நடைபாதையில் இருக்கும் சின்ன வெடிப்புக்கு வழி கேட்டிருக்கிறார். மேடு பள்ளம் இல்லை, இரண்டு வருடமாக அதே அகலம் என்கிறார். அப்படியென்றால் கலவையிலேயே அடைக்கலாம். வெடிப்பை V வடிவில் அரை அங்குல ஆழத்துக்குக் கொத்திவிட்டு, தூசியைச் சுத்தமாக ஊதி, தண்ணீர் தெளித்து, எஸ்பிஆர் லேடெக்ஸ் (கலவையை ஒட்டவைக்கும் ரப்பர் பால்) கலந்த சிமெண்ட் பாலைத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே ஒன்றுக்கு மூன்று (சிமெண்ட் ஒன்று, மணல் மூன்று) கலவையை அழுத்தி அடையுங்கள்.

பிசுபிசுப்பு போவதற்குள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மே மாத மதியத்தில் நான் பாலைத் தடவிவிட்டுக் கலவை எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் காய்ந்து பிளாஸ்டிக் தோல் மாதிரி ஆகிவிட்டது. அதன் மேல் கலவை வைத்தால் ஒட்டாது. ஒட்ட வைக்கிற பொருளே பிரித்துவிடும். காய்ந்துபோனால் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பத் தடவ வேண்டும். காலை ஏழு மணிக்குள் முடிக்கிற அளவு நீளம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூன் 19

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். இதை எங்கள் கொத்தனாரிடம் படித்துக் காட்டினேன். நாற்பது வருடம் வேலை செய்தவர். V வெட்டாதே அம்மா, ஓரம் சன்னமாகப் போய் உதிரும், பக்கச்சுவர் நேராகவோ, அடிப்பக்கம் கொஞ்சம் அகலமாகவோ வெட்டச் சொல் என்றார். யோசித்துப் பார்த்தால் என் ஒரு அங்குலப் பூச்சு உதிர்ந்ததும் இதே காரணத்தால்தான். கிரைண்டரில் இரண்டு கோடு கிழித்துவிட்டு, நடுவில் இருப்பதை உளியால் எடுத்தால் சுவர் நேராக வரும். கிரைண்டர் பிடிப்பவர் கட்டாயம் நல்ல முகக்கவசம் போட வேண்டும். அந்த வெள்ளைத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். துண்டு கட்டிக்கொண்டால் போதாது.

2023 ஜூலை 9

அருப்புக்கோட்டைத் தம்பி தளத்தை உடைத்துவிட்டார். அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நானே என்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கரிசலும் தண்ணீரும்தான் காரணம் என்று எழுதினேன். பாதிதான் சரி. சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு, தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. அது வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி மூடிய மண். அஸ்திவாரம் எழுப்பியதும் தோண்டின மண்ணையும் செங்கல் உடைசலையும் அப்படியே தள்ளி மூடியிருக்கிறார்கள். திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போடவே இல்லை. ஆறு மழைக்காலத்தில் அது தானாக உட்கார்ந்துவிட்டது. மேலே இருந்த தளம் பலகை மாதிரி அந்தரத்தில் நின்று, நடுவில் ஒடிந்தது. மே மாதமே சுத்தியலால் தட்டச் சொன்னேன். அவரும் அந்த ஓரம் காலிப் பானைச் சத்தம் என்று எழுதியிருந்தார். நான்தான் அதைக் கவனிக்காமல் மண்ணெண்ணெய்க் குப்பியிலேயே நின்றுவிட்டேன்.

இனி திரும்பப் போடும் முறை. ஒன்றரை அடி கரிசலைத் தோண்டி எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் மணல் கொட்டாதீர்கள், இது பலர் செய்கிற தப்பு. களிமண்ணுக்கு மேல் மணல் என்றால் தொட்டியில் தண்ணீர் நிரப்பின மாதிரி. உள்ளே போன மழை வெளியே வராது, கீழே கரிசலை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். ஊதாத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண் வேண்டும். ஐஐடி பம்பாயில் பேராசிரியர் ஆர்.கே.கட்டி கரிசலுக்கு மேல் இப்படிப்பட்ட மண்ணை அடுக்கினால் ஊதல் அடங்கும் என்று காட்டியவர். கால்வாய், கட்டட வேலைக்கு ஒரு மீட்டர் அளவில் போடுகிறார்கள். வாசலுக்கு நமக்கு அத்தனை முடியாது. நல்ல கிராவல் செம்மண்ணை ஆறு அங்குலம் ஆறு அங்குலமாகப் பரப்பி, லேசாக நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இறுக்குங்கள். குதிகாலால் மிதித்தால் தடம் விழக்கூடாது.

தளம் நாலு அங்குலக் கனம். சிமெண்ட் ஒன்று, எம்-சாண்ட் ஒன்றரை, முக்கால் அங்குல ஜல்லி மூன்று. ஒரு மூட்டைக்கு மொத்தம் 25 லிட்டர் தண்ணீர். மணலில் இருக்கும் ஈரமும் அந்தக் கணக்குக்குள்தான் வரும். இழுக்கச் சுலபமாக இருக்கும் என்று இன்னொரு வாளி ஊற்றுவார்கள். பக்கத்தில் நின்று தடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

16 அடிக்கு 12 அடியை ஒரே துண்டாகப் போடவே கூடாது. நாலு அங்குலத் தளம் எட்டு, பத்து அடிக்கு ஒரு இடத்தில் எப்படியும் பிரியும். எங்கே பிரிய வேண்டும் என்று நாமே சொல்லிவிடலாம். எட்டுக்கு ஆறு அடியாக நாலு கட்டம். சுவருக்கும் தளத்துக்கும் நடுவே அரை அங்குலத் தெர்மோகோல் பட்டை வைத்துப் பிரியுங்கள். வீடு ஒரு மாதிரி அசையும், வாசல் ஒரு மாதிரி அசையும். இரண்டையும் கட்டிப்போட்டால் பலமில்லாதது கிழியும். கம்பி போட்டால் கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கட்டை) வைத்துத் தூக்கி, மேல்மட்டத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் நிறுத்துங்கள். மண்ணில் கிடக்கிற கம்பியால் பிரயோஜனம் இல்லை.

வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு), சுவரிலிருந்து தெருப்பக்கமாகப் பத்தடிக்கு இரண்டு அங்குலம். பழக்கமான கண்ணை நம்ப வேண்டாம். டியூபில் தண்ணீர் நிரப்பிக் குறி போட்டு, நூல் கட்டுங்கள்.

ஆடி நெருங்குகிறது, காற்று ஆளைத் தூக்கும். வெயிலைவிட இந்தக் காற்றுதான் புதுத் தளத்துக்கு எமன். போட்ட இரண்டு மணி நேரத்தில் மேல்ஈரத்தை இழுத்துக்கொண்டு போய் கோழிக்கால் மாதிரிக் கீறல் விடும். ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் மட்டக்கட்டையால் திரும்பத் தேய்த்து மூடிவிடலாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போடுங்கள். மேலே பளபளப்புக்காகக் காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்க்க விடாதீர்கள், அந்தத் தோல் ஒரே வருடத்தில் பொடியாக வரும். கெட்டியானதும் ஈரச் சாக்கு. மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி சிமெண்ட் (சாம்பல் கலந்தது, மெதுவாக இறுகும்) என்பதால் ஏழு நாள் போதாது. குறைந்தது பத்து நாள், முடிந்தால் பதினாலு.

2023 ஜூலை 10

நேற்று இவ்வளவு எழுதிவிட்டு வேலை செய்கிறவர்களை மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் கலவை சுமந்த சித்தாள் அம்மா மாலையில் கை கழுவும்போது விரலிடுக்கில் தோல் வெந்து சிவந்திருந்தது. சிமெண்ட் தண்ணீர் அரிக்கும். தினமும் நடப்பதுதான் என்று சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். ரப்பர் கையுறையும் கம் பூட்டும் வாங்கிக் கொடுங்கள். மொத்தச் செலவில் அது ஒரு மூட்டை சிமெண்ட் விலைகூட வராது. கம் பூட்டுக்குள் கலவை போய்விட்டால் வேலை முடியட்டும் என்று காத்திருக்க விடாமல் அப்போதே கழுவச் சொல்லுங்கள்.

2023 ஆகஸ்ட் 20

அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான். என் ஆச்சி வீட்டு முற்றம் சாணம் மெழுகிய மண் தரை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மெழுகுவார்கள். அதுவும் கோடையில் கீறும், அடுத்த மெழுகலில் மறையும். யாரும் அதை ரிப்பேர் என்று சொன்னதில்லை. மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் ஊற்றி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டிப் போட்ட தளம். சுண்ணாம்பில் மயிரிழைக் கீறல் விட்டால் மழைத் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பே அதில் போய்ப் படிந்து அடைத்துவிடும். சிமெண்டுக்கு அந்தக் குணம் ரொம்பக் குறைவு.

திரும்ப அப்படியே கட்ட வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. காரும் பைக்கும் அந்தத் தரையில் ஏறாது. இந்த மண்ணோடு சேர்ந்து அசைகிற தரையில் அவர்கள் வாழ்ந்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

2023 டிசம்பர் 27

எல்லோரும் பத்திரமாக இருக்கிறீர்களா? 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்கப் போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், இரண்டு நாள் கரண்ட் இல்லை. தளத்தைப் பற்றி எழுத இன்றுதான் மனம் வந்தது.

தம்பி வீட்டில் சுவரோரம் ஒரு சொட்டுத் தேங்கவில்லையாம். வாட்டம் வேலை செய்திருக்கிறது. ஆனால் வேப்பமரத்தை ஒட்டிய கட்டம் மட்டும் அரை விரல் மேலே வந்திருக்கிறது. அந்தப் பக்கம் மண் ரொம்ப வறண்டு கிடந்தது, இப்போது மொத்தமாகக் குடித்து ஊதிவிட்டது. நல்ல வேளை, கட்டம் கட்டமாகப் பிரித்திருந்ததால் கட்டம் மொத்தமாகத் தூக்கியிருக்கிறது, எங்கும் உடையவில்லை. இப்போது எதையும் செய்யாதீர்கள். மாசி வரை விடுங்கள்.

2024 பிப்ரவரி 18

கட்டங்களுக்கு நடுவே விட்ட இணைப்புகளை அடைக்கிற நேரம் இதுதான். வெடிப்பு மே மாதம் முழு அகலத்தில் இருக்கும்போதே அடைத்துவிடலாம் என்று யாருக்கோ தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறேன். அது அசையாத வெடிப்புக்குத்தான் பொருந்தும். அசைகிற இடத்தில் கோடையில் கலவையால் இறுக்கி அடைத்தால், மழையில் நெருங்கும்போது ஓரங்கள் ஒன்றையொன்று நசுக்கி உடையும். மார்கழியில் அடைத்தால் கோடையில் கிழியும். ஊதலும் சுருக்கமும் நடுவில் இருக்கிற தை, மாசியில், நீண்டு சுருங்கும் பியூ சீலன்ட் (பாலியூரிதேன் பசை) வைத்து அடைப்பதே சரி.

முதலில் ஸ்பாஞ்சுக் கயிறு ஒன்றை உள்ளே திணித்து, அதன் மேல் சீலன்ட். இணைப்பு அரை அங்குல அகலம் என்றால் சீலன்ட் ஆழம் கால் அங்குலம் போதும். கயிறு இல்லாமல் அடிவரை நிரப்பினால் அடியிலும் ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது நடுவில் கிழியும். என் வீட்டில் முதல் தடவை அப்படித்தான் கிழிந்தது. இரண்டு டியூப் வீண்.

2024 மார்ச் 3

சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்புக்கும் இதே சீலன்ட் போதுமா என்று ஒரு அக்கா கேட்கிறார். போதாது அக்கா. கதவும் இறுகுகிறது என்கிறீர்கள். அது அஸ்திவாரம் சமமில்லாமல் அசைவதன் அடையாளம். மேல்தளத்தின் அடிப்பக்கம் துருக்கறையோடு கீறல் இருந்தாலும் அப்படித்தான், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. கட்டமைப்பு தெரிந்த பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். படத்தை வைத்து நானோ வேறு யாரோ வழி சொல்லக் கூடாது.

2024 மே 19

கடைசியில் வேப்பமரத்துக் கட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு பேவர் பிளாக் போடச் சொன்னேன். கார் நிற்கிற இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனம். அந்தக் கட்டம் வருடா வருடம் ஏறி இறங்கத்தான் போகிறது. கான்கிரீட் என்றால் உடைக்க வேண்டும். பிளாக் என்றால் கழற்றி, கீழே மணலைச் சரிசெய்து, அதே கல்லைத் திரும்ப வைக்கலாம், அரை நாள் வேலை.

எல்லா இடத்துக்கும் பேவர் நல்லது என்று இதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். கல்லுக்குக் கல் இடுக்கில் தண்ணீர் இறங்கும். ஆகவே சுவரிலிருந்து மூன்றடிக்குக் கான்கிரீட்டே இருக்கட்டும். அதைத் தாண்டித்தான் பேவர். அதற்கும் கீழே இறுக்கின கிராவலிலேயே தெருப்பக்கம் வாட்டம் கொடுத்திருக்க வேண்டும். இறங்குகிற தண்ணீர் அந்த வாட்டத்தில் வெளியே ஓடிவிடும். மணல் ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

மற்ற மூன்று கட்டத்திலும் பென்சில் கோடு, கண்ணாடித் துண்டு இரண்டையும் இன்று பார்த்தாராம். ஜனவரியில் ஒட்டிய மூன்று கண்ணாடியில் இரண்டு முழுசாக இருக்கின்றன. மூன்றாவது முறிந்தது பையன் சைக்கிள் ஏற்றியதால் என்கிறார். புதுத் துண்டு ஒட்டித் தேதி போட்டு வையுங்கள் தம்பி, ஐப்பசியில் பார்க்கலாம்.